மெயில் வருகிறது, போக மறுக்கிறது: வீட்டு இணைப்பில் எங்கே பார்ப்பது

யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, மெயிலும் வந்துகொண்டிருக்கிறது. அனுப்பினால் மட்டும் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்துவிடுகிறது. புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவர்கள், நான்கு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், பிரான்ஸில் இருக்கும் பிள்ளைக்கு ஆவணங்களை ஸ்கேன் செய்து அனுப்புபவர்கள் எல்லோரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். லைன்மேனைக் கூப்பிட்டால் வேகச் சோதனை போட்டுக் காட்டி, "நெட் நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

மெயில் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. வருவதை இறக்கித் தருவது ஐமேப் அல்லது பாப். போர்ட் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்) 993 அல்லது 995. அனுப்புவது எஸ்எம்டிபி. அதற்கு வேறு சர்வர், வேறு போர்ட், செட்டிங்கில் தனியாக ஒரு பக்கம். அதனால் "மெயில் வருதே" என்பதை வைத்து, போகும் வழியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. மெயில் கணக்கையே அழித்துவிட்டுத் திரும்பச் சேர்ப்பதுதான் பலர் செய்யும் முதல் வேலை. அதைக் கடைசிக்கு வையுங்கள். பாப் முறையில் இறக்கிய பழைய மெயில்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். கணக்கை அழித்தால் அவையும் சேர்ந்து போய்விடும்.

எந்த இடத்தில் நின்றது?

"மெயில் போகவில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்வது நான்கு வேறு கோளாறுகளாக இருக்கலாம்.

அவுட்பாக்ஸிலேயே நின்று, நெடுநேரம் சுற்றி, கடைசியில் "டைம் அவுட்" என்கிறதா? மெயில் சர்வரை எட்டவே இல்லை. போர்ட், ரவுட்டர், ஆன்டிவைரஸ் பக்கம் பாருங்கள். இரண்டு மூன்று நொடியிலேயே பாஸ்வேர்டு கேட்டு அடம்பிடிக்கிறதா? வழி திறந்துதான் இருக்கிறது, உங்களை அடையாளம் தெரியவில்லை. அனுப்பியாயிற்று, சென்ட் ஃபோல்டரிலும் இருக்கிறது, சிறிது நேரத்தில் "மெயிலர் டீமன்" என்ற பெயரில் திரும்பி வருகிறதா? உங்கள் வீட்டு வழியும் பாஸ்வேர்டும் சரி, எதிர்முனைதான் மறுத்திருக்கிறது. திரும்பியும் வரவில்லை, அவருக்கும் கிடைக்கவில்லை என்றால் முதலில் அவருடைய ஸ்பாம் ஃபோல்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிழைச் செய்தி வந்தால் மூடிவிடாமல் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் மூன்று இலக்க எண் பாதி வேலையை முடித்துவிடும். 4-ல் தொடங்கினால் தற்காலிகம், பொறுத்து மறுபடி முயலலாம். 5-ல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. எதையும் மாற்றாமல் நூறு முறை அனுப்பினாலும் அதே பதில்தான்.

இரண்டு சோதனை, பத்து நிமிடம்

முதல் சோதனை: அதே கணினியில், அதே வீட்டு வைஃபையில், பிரவுசரைத் திறந்து மெயில் தளத்துக்குள் போய் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். போனால் கணக்கு உயிரோடு இருக்கிறது, கணக்கின் இடமும் நிரம்பவில்லை. கோளாறு மெயில் மென்பொருளின் (அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவை) செட்டிங்கிலோ வழியிலோ இருக்கிறது. பிரவுசரிலும் போகவில்லை என்றால் போர்ட்டைப் பற்றிய கவலையே வேண்டாம். கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: கணினியை வீட்டு வைஃபையிலிருந்து பிரித்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, எந்த செட்டிங்கையும் மாற்றாமல் அதே மெயிலை அனுப்புங்கள். இப்போது போனால் சிக்கல் வீட்டு இணைப்பில். அப்போதும் போகவில்லை என்றால் பெரும்பாலும் செட்டிங்கில். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. போனில் வைஃபையை அணைத்துவிடுங்கள். சில போன்கள் வீட்டு வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகத் திருப்பிக் கொடுக்கும், சோதனை வீணாகும். சிம் கார்டும் வீட்டு இணைப்பும் ஒரே நிறுவனமாக இருந்தால், வேறு நிறுவனத்தின் சிம்மைக் கேட்டு வாங்குங்கள்.

"போன்ல போகுதே, கம்ப்யூட்டர்ல மட்டும்தான் போகல" என்பார்கள். இது ஏமாற்றும். ஜிமெயில் ஆப் ஜிமெயில் கணக்குக்கு எஸ்எம்டிபி போர்ட்டைத் தொடுவதே இல்லை. இணையதளங்கள் போகும் அதே 443 வழியில்தான் அனுப்புகிறது. ஆகவே போனில் போவதை வைத்து 587 திறந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

போர்ட்: 25, 587, 465

எஸ்எம்டிபி 1982-ல் எழுதப்பட்டபோது பாஸ்வேர்டு கேட்கும் பழக்கமே அதில் இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த சர்வரின் போர்ட் 25-ஐயும் தட்டி மெயிலைக் கொடுத்துவிடலாம். பிறகு வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள் அந்த வழியாக ஸ்பாமைக் கொட்டத் தொடங்கின. அதனால்தான் உலகெங்கும் இணைய நிறுவனங்கள் பல, வீட்டு இணைப்பிலிருந்து வெளியே போகும் போர்ட் 25-ஐ மூடி வைக்கின்றன. புதுவையிலிருந்து கடலூர்ப் பக்கம் வரும் வண்டியைத்தான் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள், எதிர்த்திசையில் போகிறவரை யாரும் கேட்பதில்லை. போர்ட் 25-ம் அப்படித்தான், ஒரு பக்கத்துக்கு மட்டும் தடை. இது பழுதல்ல, புகார் கொடுத்தும் பயனில்லை. 25 என்பது இன்று சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி. உங்களுக்கானது 587 அல்லது 465.

587 தனியாக ஒதுக்கப்பட்டது 1998-ல். தொடர்பு சாதாரணமாகத் தொடங்கி, பிறகு நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும்; செட்டிங்கில் இதன் பெயர் ஸ்டார்ட்டிஎல்எஸ். 465-ல் முதல் நொடியிலிருந்தே பூட்டுத்தான், செட்டிங்கில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 465 பழசு, கைவிடப்பட்டது என்று சில பழைய வழிகாட்டிகளில் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் அது உண்மைதான். 2018-ல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை மறுபடி முறையாக ஏற்று, முடிந்தால் இதையே பயன்படுத்தச் சொல்கிறது.

எண்ணும் பூட்டும் ஜோடி மாறினால்தான் வேடிக்கை. 465 போட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்து டைம் அவுட் ஆகும். பார்ப்பவருக்குப் போர்ட் அடைபட்டது போலவே தெரியும். 587 போட்டு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் தேர்ந்தெடுத்தால் உடனே எஸ்எஸ்எல் பிழை வரும். "வீட்டு நெட்டில் மெயில் பிளாக்" என்று வரும் புகார்களில் இந்த ஜோடிப் பிசகு அடிக்கடி ஒளிந்திருக்கும். நிறுவனத்தைத் திட்டுமுன் இதைப் பாருங்கள்.

தண்டர்பேர்டில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலின் கடைசிக்குப் போனால் "அவுட்கோயிங் சர்வர்" இருக்கும். பழைய வகை அவுட்லுக்கில் கன்ட்ரோல் பேனலில் "மெயில்" என்பதைத் திறந்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, "மோர் செட்டிங்ஸ்" போங்கள். அங்கே "அவுட்கோயிங் சர்வர்" தாவலில், அனுப்பும் சர்வருக்கும் அடையாளம் காட்ட வேண்டும் என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும். "அட்வான்ஸ்டு" தாவலில் போர்ட் எண். அந்த டிக் விட்டுப்போனால் "ரிலே டினைடு" என்ற பதில் வரும்.

சர்வர் பெயர்கள் (தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்): ஜிமெயிலுக்கு எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், யாஹூவுக்கு எஸ்எம்டிபி.மெயில்.யாஹூ.காம், இரண்டிலும் 465 அல்லது 587. அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குக்கு எஸ்எம்டிபி-மெயில்.அவுட்லுக்.காம், 587 மட்டும். இந்தியாவில் திறந்த ஜோஹோ கணக்குக்கு எஸ்எம்டிபி.ஜோஹோ.இன்.

பழைய டெலிபோன் வயர் பிராட்பேண்டிலிருந்து கேபிள்காரர் தரும் ஃபைபருக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் இணைய நிறுவனமே கொடுத்த எஸ்எம்டிபி சர்வர் பெயர் செட்டிங்கில் இன்னும் கிடக்கும். அத்தகைய சர்வர்கள் பெரும்பாலும் தங்கள் இணைப்பில் இருப்பவரை மட்டுமே ஏற்கும். இணைப்பு மாறிய அன்றே மெயில் நின்றது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள

விண்டோஸில் பவர்ஷெல் திறந்து, ஆங்கிலத்தில் இப்படித் தட்டுங்கள்: டெஸ்ட்-நெட்கனெக்ஷன், ஓர் இடைவெளி, சர்வர் பெயர், ஓர் இடைவெளி, -போர்ட், ஓர் இடைவெளி, 587. கடைசி வரியில் "ட்ரூ" என்றால் வழி திறந்திருக்கிறது. மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினலில் என்சி கட்டளையை -விஇசட் சேர்த்துக் கொடுக்கலாம். 25, 465, 587 மூன்றையும் சோதித்து எழுதி வையுங்கள். 25 மட்டும் மூடியிருந்தால் அது இயல்பு. 587 மூடி 465 திறந்திருந்தால் 465-க்கு மாறிவிடுங்கள், வேலை முடிந்தது. இரண்டுமே மூடி, ஹாட்ஸ்பாட்டில் திறந்திருந்தால் ரவுட்டரிலோ நிறுவனத்திடமோ தடை இருக்கிறது. சர்வர் பெயரே தெரியவில்லை என்று பதில் வந்தால் அது டிஎன்எஸ் (சர்வர் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) கோளாறு. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

நிறுவனத்தைக் கேட்பதற்கு முன் வீட்டுக்குள் இரண்டு சந்தேகம் தீர வேண்டும். ஒன்று ஆன்டிவைரஸ். மெயிலைச் சோதிக்கிறேன் என்று நடுவில் புகுந்து, சர்வரின் அடையாளச் சான்றிதழுக்குப் பதில் தன் சான்றிதழைக் காட்டும். மெயில் மென்பொருள் அதை நம்பாது. "மெயில் ஷீல்டு", "மெயில் ஸ்கேன்" போன்ற பெயரில் இருப்பதை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்தி அனுப்பிப் பாருங்கள். மற்றொன்று விபிஎன். அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் மெயில் வீட்டு இணைப்பின் விதிப்படி போகாது, அலுவலகத்தின் விதிப்படித்தான் போகும்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் மறுக்கிறது

535 என்ற எண் வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 534 வந்து "அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக்" என்ற சொற்கள் இருந்தால் ஆப் பாஸ்வேர்டு (ஒரு மென்பொருளுக்கென்று தனியாக உருவாக்கும் பாஸ்வேர்டு) வேண்டும் என்று பொருள். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், கணக்கின் சொந்தப் பாஸ்வேர்டை மட்டும் போட்டு மெயில் மென்பொருளில் நுழையும் வசதியை கூகுள் 2022 மே 30-ல் நிறுத்தியது. நேற்றுவரை ஓடிய பழைய மென்பொருளைப் புதுக் கணினியில் போட்டால் நின்றுபோவது இதனால்தான்.

வழி இரண்டு. மென்பொருளுக்கு ஓஆத் (பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அனுமதி மட்டும் தரும் முறை) தெரியுமென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் பக்கம் தானாகத் திறந்து அனுமதி கேட்கும், தண்டர்பேர்டில் இதுவே நல்லது. தெரியாத மென்பொருளுக்கு ஆப் பாஸ்வேர்டு. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, கணக்குப் பக்கத்தின் தேடல் பெட்டியில் ஆப் பாஸ்வேர்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். நான்கு நான்காகப் பிரித்து 16 எழுத்து காட்டும்; இடைவெளி இல்லாமல் சேர்த்தே எழுதுங்கள். ஒருமுறைதான் காட்டும். பின்னால் எப்போதாவது கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போகும். பேரன் தீபாவளிக்கு வந்தபோது பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான், அன்றிலிருந்து தாத்தாவின் மெயில் போகவில்லை என்றால் தேட வேண்டிய இடம் இது.

அவுட்லுக், ஹாட்மெயில் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் ஓஆத் மட்டும்தான். அதை அறியாத பழைய அவுட்லுக் பதிப்போ, ஸ்கேனரோ அந்தக் கணக்கில் அனுப்பவே முடியாது. எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றினாலும் பயனில்லை. மென்பொருளையோ கணக்கையோ மாற்ற வேண்டும்.

கடிகாரம்

சிறிய விஷயம், ஆனால் ஒரு நாளையே தின்றுவிடும். கணினியின் தேதி தவறாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் செல்லுபடியாகாததாகவோ தெரியும், தொடர்பு அறுந்துவிடும். புயல் மழைக் காலத்தில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லாமல் கிடந்த பழைய மேசைக் கணினியை இயக்கும்போது தேதி பல வருடம் பின்னால் நிற்கும். காரணம் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருப்பது: சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கண்காணிப்பு கேமராவின் டிவிஆர் பெட்டிக்கும் இது பொருந்தும்.

சின்ன மெயில் போகிறது, ஃபைல் இணைத்தால் நிற்கிறது

இதற்குக் காரணம் இரண்டு வகை. ஒன்று அளவு. இணைக்கும் ஃபைல் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது. அதில் சுமார் 37 விழுக்காடு கூடிவிடும். எதிர்முனை சர்வர் 20 எம்பி வரை ஏற்கும் என்றால் உங்கள் ஃபைல் 14 எம்பிக்குள் இருந்தால்தான் நிம்மதி. மீறினால் 552 என்ற எண்ணோடு திரும்பும். பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று போன்றவற்றை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. 200 அல்லது 300 போதும், கறுப்பு வெள்ளை எழுத்துக்குக் கிரேஸ்கேல் போதும்.

ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. அவ்வளவு பெரிய மெயில் மாற்றத்துக்குப் பின் 34 எம்பி ஆகும். அப்லோடு வேகம் நொடிக்கு 1 மெகாபிட்டாக இறங்கியிருந்தால் அதற்கு நாலரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். வேகச் சோதனையில் எல்லோரும் டவுன்லோடு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்து எண்.

இரண்டாவது வகை நுட்பமானது. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு இணையும் ஃபைபரில் பிபிபிஓஇ என்ற முறை இருக்கும். அது ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 8 பைட் எடுத்துக்கொள்ளும். 1500 என்பது 1492 ஆகும். ரவுட்டரில் எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1500 என்று தவறாக இருந்தால் சின்னப் பொட்டலங்கள் போகும், முழு அளவுப் பொட்டலங்கள் வழியில் காணாமல் போகலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் கட்டளைக்குப் பின் -எஃப் -எல் 1464 கொடுத்து 1.1.1.1 என்று முடியுங்கள் (1464-உடன் தலைப்புக்கான 28 சேர்ந்தால் 1492, எழுத்துகள் ஆங்கிலச் சிற்றெழுத்தில்). பதில் வந்தால் சரி. துண்டாக்க வேண்டும் என்றோ பதிலே இல்லை என்றோ வந்தால் 10, 10-ஆகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் எண்ணோடு 28-ஐக் கூட்டி ரவுட்டரின் எம்டியு இடத்தில் போடுங்கள்.

போய்த் திரும்பி வந்தது

550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. எழுத்துப் பிழையைப் பாருங்கள். புள்ளிக்குப் பின் "காம்" என்பது "கான்" ஆகியிருக்கும். 452 4.2.2 என்றால் அவருடைய பெட்டி நிரம்பியிருக்கிறது, போனில் சொல்லிவிடுங்கள். 550 5.4.5 என்றால் நாள் வரம்பு தாண்டியது. தனிநபர் ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 500 பெறுநர்கள். கல்யாணப் பத்திரிகையை ஒரேயடியாக அனுப்புகிறவர்களுக்கு இது நேரும். ஒரு நாள் பொறுத்தால் தானே சரியாகும். 550 5.7.26 என்றால் சொந்த டொமைன் வைத்திருப்பவர்களின் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனுடையதுதான் என்று காட்டுபவை) சரியில்லை. டொமைனை நிர்வகிப்பவரிடம் சொல்ல வேண்டும், வீட்டு இணைப்பை நோண்டிப் பயனில்லை.

554 அல்லது 550 வந்து, செய்தியில் ஸ்பாம்ஹவுஸ் (ஸ்பாமைத் தடுக்க ஐபி பட்டியல்கள் வெளியிடும் அமைப்பு) என்ற பெயர் இருந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். அதற்குள் எந்தப் பட்டியல் என்று பாருங்கள். பிபிஎல் என்றால் குற்றச்சாட்டு அல்ல: வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரியிலிருந்து மெயில் நேராக எதிர்முனை சர்வருக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே போட்டு வைத்த பட்டியல். பெயரை நீக்கச் சொல்லி அலைய வேண்டாம். 587 அல்லது 465 வழியாக, பாஸ்வேர்டோடு அனுப்பினால் அது உங்களைத் தொடாது. எக்ஸ்பிஎல் என்று இருந்தால் உங்கள் ஐபியிலிருந்து வைரஸ் நடமாட்டம் தெரிந்திருக்கிறது. கணினி மட்டுமல்ல, மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டி, கேமரா டிவிஆர் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அப்போது குற்றவாளி தெருமுனை வீடாகவும் இருக்கலாம்.

ஸ்கேனர், டிவிஆர், பில்லிங் மென்பொருள் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு வைத்து, ஆப் பாஸ்வேர்டு போடுவதே சுலபம். அனுப்புநர் முகவரியும் நுழையும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். டிஎல்எஸ் 1.2 என்ற பூட்டு முறை தெரியாத பழைய கருவியைப் பல சர்வர்கள் ஏற்பதில்லை. ஃபர்ம்வேர் புதுப்பித்தும் வரவில்லையென்றால், ஸ்கேனை பென் டிரைவில் எடுத்துக் கணினியிலிருந்து அனுப்புங்கள்.

நிறுவனத்திடம் பேசும்போது

எல்லாம் பார்த்த பிறகும் 465, 587 இரண்டும் வீட்டில் மூடியும் ஹாட்ஸ்பாட்டில் திறந்தும் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள். "மெயில் போகல" என்று சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "வெளியே போற டிசிபி போர்ட் 587-ம் 465-ம் என் லைன்ல தடையா இருக்கு. இன்ன சர்வருக்கு இன்ன நேரத்துல சோதிச்சேன். வேற நெட்வொர்க்ல அதே கம்ப்யூட்டர்ல திறக்குது. நெட்வொர்க் டீமுக்கு அனுப்புங்க." டாக்கெட் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தீர்வு வராவிட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியும். கேபிள்காரர் வழி இணைப்பென்றால் லைன்மேனிடம் வாதாடாதீர்கள். ஃபைபரும் சிக்னலும் அவர் கையில், போர்ட் விதி மேலே இருப்பவர் கையில். வீட்டிலேயே மெயில் சர்வர் ஓட்டப் போகிறவருக்கு மட்டும் போர்ட் 25 திறக்க வேண்டும். அதற்கு வணிகத் திட்டத்தில் நிலையான ஐபியும், அந்த ஐபிக்கு உங்கள் டொமைன் பெயரில் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும்) பதிவும் தருவார்களா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.